பக்கத்து சீட்டுக்கு ஒரு பாரம்

திருப்பத்தில் வண்டி மறுபடியும் "டொக்" என்றது.

"நேத்துதானே டைட் பண்ணான் கடங்காரன்!" என்று பல்டாக்டர் வாய்விட்டுத் திட்டினார். வண்டியில் வேறு யாரும் இல்லை. அதனால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஆள் இல்லை.

பல்டாக்டர் வேலையில் ஒரு கொடுமை உண்டு. நாள் முழுக்க எதிரில் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒருத்தராவது பேசவேண்டுமே! "ஆ", "ஊ", மிஞ்சிப்போனால் "வலிக்குது". பஞ்சை எடுத்தால் நாலு வார்த்தை பேசுவார்கள் என்று பார்த்தால், மரத்துப்போன உதட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியே விடுகிறார்கள். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே மூடுவதற்கும் ஆள் இல்லை, திறப்பதற்கும் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் தூரத்து நகரத்தில் திரைச்சீலை செய்யும் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்தாள்.

அவள் கடைசியாக வந்தபோதுதான் அந்த விபரீதம் நடந்தது. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், இதே திருப்பத்தில், "அப்பா, ஓரமா நிறுத்துங்க" என்றாள். நிறுத்துவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

"என்ன வண்டிப்பா இது? தொட்டில் மாதிரி ஆடுது! இதுல மனுஷன் ஏறுவானா?"

அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. வேலை, லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று ஆயிரம் காரணம் சொன்னாள். டாக்டருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூட ஒரு பழக்கூடைதான் வந்தது. அதில் 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று அச்சடித்த அட்டை ஒன்று செருகியிருந்தது. அத்தனை பழத்தை ஒற்றை ஆளாக எப்படித் தின்பது? பாதியை மாடி வீட்டுக்குக் கொடுத்தார்.

மகள் சொன்ன காரணம் எதையும் டாக்டர் நம்பவில்லை. வண்டிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். வண்டி என்றால் சரிசெய்துவிடலாம். மற்ற காரணங்களைச் சரிசெய்ய அவருக்கு வழி தெரியாது.

வண்டி சாயாமல் இருக்க அடியில் ஒரு கம்பி உண்டு. ஸ்வே பார் என்பார்கள். இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவே குறுக்கே படுத்துக்கொண்டு, வளைவில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி வைத்த கம்பி ஒல்லி. டாக்டர் வெளியே விசாரித்து, வேறொருவர் தயாரித்த தடித்த கம்பி ஒன்றை வரவழைத்தார். மாட்டியவர் மெக்கானிக் டைட்டு. அவருடைய உண்மைப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமோ என்னவோ. என்ன கோளாறோடு போனாலும் "டைட் பண்ணிட்டேன் சார்" என்று சாவியை நீட்டுவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

புதுக் கம்பியின் மேல் பளபளவென்று இரண்டு வளையங்கள் இருந்தன.

"இது என்னய்யா?"

"பெட்டிக்குள்ள கம்பி அங்கயும் இங்கயும் நகராம இருக்க மாட்டிருக்கான் சார். பாக்கிங்கு." டைட்டு அவற்றைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்.

அழகாக இருந்ததால் டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் அவித்த முட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அட, உருளாமல் நின்றது! அன்று முதல் சாப்பாட்டு மேசையில் இரண்டு வளையமும் இருந்தன. ஒன்றில் முட்டை, இன்னொன்று காலி.

புதுக் கம்பி மாட்டியதும் வண்டி பாறை மாதிரி நின்றது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"வண்டி இப்ப ஆடவே ஆடாதும்மா!"

"சரிப்பா, பார்க்கலாம்."

அவள் பார்ப்பதற்குள் "டொக்" வந்துவிட்டது.

டைட்டு அடியில் படுத்துப் பார்த்தார். "கம்பி பக்கவாட்டுல நகருது சார். நகர்ந்து போய்ப் பக்கத்து இரும்புல முட்டுது."

"நகராம பண்ணு."

"டைட் பண்ணிட்டேன் சார்."

கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பரை அவர் இறுக்கிய இறுக்கில் "டொக்" நின்று, "கீச்" பிறந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் ஆயிரம் எலிகள் ஒன்றாகக் கத்தின. கிளினிக் வாசலில் வண்டி நின்றதும் உள்ளே காத்திருந்த ஒருவர், டாக்டர் பல் குடையும் மெஷினை ஓட்டுகிறார் என்று நினைத்துப் பல்வலியோடு எழுந்து போய்விட்டார்.

"ரப்பருக்கு கிரீஸ் வெச்சா சரியாப்போகும்" என்றார் டைட்டு. வைத்தார். கீச் போயிற்று. கம்பி வழுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் தாராளமாக நகர ஆரம்பித்தது. முன்பு இடது வளைவில் மட்டும் வந்த "டொக்" இப்போது வலது வளைவிலும் வந்தது.

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனிதன் வாயில் நகர்கிற பல்லையே கம்பி போட்டு நிறுத்துகிறவன், ஒரு கம்பியை நிறுத்த முடியாதா? வெள்ளைக் கோட்டோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். பல்கட்டும் கம்பியைச் சுற்றினார். பல் அடைக்கும் பசையை அப்பினார். நீல விளக்கை அடித்துக் காய வைத்தார். உள்ளே ஒரு அம்மாள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.

முதல் மேட்டிலேயே பசை உதிர்ந்தது. பல்கட்டும் கம்பி தரையில் இழுபட்டு "கிர்ர்ர்" என்றது. அப்புறம் வழக்கம்போல "டொக்".

"பல்லுன்னா ரெண்டு நாளைக்குக் கடிக்காம இருங்கன்னு சொல்லலாம். வண்டிகிட்ட என்னத்தைச் சொல்றது?" என்று டைட்டுவிடம் புலம்பினார்.

டைட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "சார், வண்டில எத்தனை பேர் போவீங்க?"

"நான்தான்."

"வீட்டு ஆளுங்களோட போறப்ப?"

"வீட்டுலயும் நான்தான்."

"வெளிய கிளிய?"

"அதான் சொல்றேனே, எங்க போனாலும் நான்தான்!"

டைட்டு தொடையில் தட்டினார். "புடிச்சிட்டேன் சார்! எப்பவும் ஒரே பக்கம் பாரம். வண்டி உங்க பக்கமாவே சாஞ்சு சாஞ்சு, கம்பி நகர்ந்துருது. பக்கத்து சீட்டுல யாரையாச்சும் உக்கார வெச்சுக்கோங்க. கம்பி நட்ட நடுவுல நிக்கும்."

"யாரை?"

டைட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டறை மூலையில் ஒரு மண்மூட்டை கிடந்தது.

மூட்டை வண்டியில் ஏறியது. ஏறியதும் வண்டி "பீப் பீப்" என்று கத்தியது. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று அதற்குச் சந்தேகம். டாக்டர் மூட்டைக்குப் பெல்ட் போட்டார். பெல்ட் மூட்டையை அறுத்து மண் கொட்டியது. சீட்டெல்லாம் மண். கதவைத் திறந்தால் வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் மண்.

எதையாவது சுற்றவேண்டும் என்று அலமாரியைக் குடைந்தபோது மனைவியின் மஞ்சள் மழைக்கோட்டு கையில் கிடைத்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூட்டைக்கு மாட்டினார். பொத்தான்கள் அளவெடுத்ததுபோலப் போட்டுக்கொண்டன. மூட்டையின் முடிச்சு, கோட்டின் தொப்பிக்குள் தலையாக நின்றது.

"நேரா உக்காரு" என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

டைட்டுவின் வைத்தியம் பலித்தது! மூட்டை சாய்ந்துவிடுமே என்று டாக்டர் வளைவுகளில் ஊர்ந்து ஊர்ந்து போனார். சத்தமே இல்லை. அப்படியும் மூட்டை சும்மா இருக்கவில்லை. திரும்பும்போதெல்லாம் மெல்லச் சரிந்து அவர் தோளில் தலைசாய்த்தது. சிக்னலில் நிற்கும்போது இடது கையால் அணைத்து நிமிர்த்தி வைப்பார். அப்படியே இரண்டு வார்த்தை பேசவும் ஆரம்பித்தார். இன்றைக்கு வந்த நோயாளி, கடைவாய்ப் பல், மழை வரும்போல இருக்கிறது, இப்படி. அது ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. காலையில் வண்டிச் சாவியை எடுப்பது அவருக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

இதையெல்லாம் மேலேயிருந்து ஒரு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. மாடி வீட்டு டெலிபோன் அக்கா. டெலிபோன் ஆபீசில் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் காதுக்குத் தப்பி அந்தத் தெருவில் ஒரு தும்மல்கூடப் போனதில்லை. பால்கனிக் கம்பியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றுகொண்டு, ஊர் நியாயம் முழுக்க விசாரிப்பார். டாக்டருக்கு அவரைக் கண்டாலே பல்லைக் கடிக்கத் தோன்றும்.

"என்ன டாக்டர் தம்பி, இப்பல்லாம் ரெண்டு பேரா கிளம்புறீங்க போலிருக்கு?"

மண்மூட்டை என்று சொல்லியிருக்கலாம். மண்மூட்டைக்கு ஏன் கோட்டு, ஏன் பெல்ட் என்று கேட்பாரே! அதைவிட, தனக்கும் துணைக்கு ஒரு ஆள் இருப்பதாக ஒருவர் நினைக்கிறார் என்பதே டாக்டருக்கு இதமாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"தெரிஞ்சவங்கக்கா."

"ரொம்ப அடக்கம் போல. வாயே திறக்கலையே?"

"பேச்சு கம்மி."

"நல்லதுதான். ஆளு பார்த்தா நல்ல கனமான ஆளாத் தெரியுது" என்று அக்கா ஒரு துண்டை உதறினார்.

டாக்டர் விட்டால் போதும் என்று வண்டியைக் கிளப்பினார். ஒரே ஒரு நல்ல காரியம், வாசலில் கொட்டுகிற மண் மறுநாள் காலையில் இருப்பதில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு தவிர வேறு நாளில் போன் செய்யாத மகள் வாரத்தின் நடுவில் கூப்பிட்டாள்.

"அப்பா, யாரு அது?"

"எது யாரு?"

"மஞ்சள் கோட்டு!"

டாக்டர் கையிலிருந்த இடுக்கி நழுவியது. "உனக்கு யாரு சொன்னா?"

"மாடி ஆன்ட்டிதான். தினமும் பக்கத்துலயே உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்களாமே? தோள்ல சாஞ்சுக்கிட்டு வராங்களாமே?"

"அது வளைவுல மட்டும்தான்மா..."

"அப்பா! அது அம்மாவோட கோட்டா?"

"மண்ணு கொட்டுதுன்னுதான்மா..."

"என் தலையில மண்ணைப் போடாதீங்க. நாளைக்குக் கிளம்பி வரேன். அந்தம்மாவ நான் நேர்ல பார்க்கணும்."

போன் வைக்கப்பட்டது. விளக்கம் சொல்லலாம் என்று திரும்பக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. "வரா!" என்று நோயாளியிடம் சொன்னார். வாய் நிறையப் பஞ்சோடு நோயாளி "ஆ" என்றார்.

மறுநாள் ரயில் நிலையத்துக்கு மூட்டையோடுதான் போனார். மகள் வருகிற நேரத்தில் வழியெல்லாம் "டொக்" கேட்டுக் கம்பி கோணிக்கொண்டால்? போய்ச் சேர்ந்ததும் மூட்டையை டிக்கியில் போட்டுவிட்டால் பக்கத்து சீட்டு மகளுக்கு. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ரயில்தான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

பெல்ட்டோடு மல்லுக்கட்டி, மூட்டையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். கல்யாணமான புதிதில்கூட அவர் யாரையும் இப்படித் தூக்கியதில்லை. டிக்கியில் போட்டு முழங்காலால் அமுக்கினார். ஒரு மஞ்சள் கை மட்டும் வெளியே தொங்கியது. அதை மடக்கி உள்ளே தள்ளி மூடியை அறைந்தபோது, பின்னால் ஒரு அலறல்.

"அப்பா! என்னப்பா பண்றீங்க!"

மகள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி வாயில் வைத்த விசிலை ஊத மறந்து நின்றார். மகள் டிக்கியைத் திறந்து தொப்பியை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து மண் அவள் செருப்பில் கொட்டியது.

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். கம்பி, ரப்பர், கிரீஸ், பல் பசை, பாரம், பெல்ட். மகள் டிக்கி விளிம்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுகூடப் பேசுவீங்களாமே, ஆன்ட்டி சொன்னாங்க."

"சிக்னல்ல நிக்கிறப்ப மட்டும். கொஞ்சம்."

வரும் வழியில் டாக்டர் பெருமையோடு வேகமாக ஓட்டினார். பக்கத்தில்தான் உண்மையான பாரம் இருக்கிறதே! அந்தத் திருப்பம் வந்தது.

"டொக்!"

டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. "வயித்தைப் புரட்டுதாம்மா?"

"இல்லப்பா."

"வண்டி ஆடலைல்ல?"

"ஆடல."

"அப்ப இனிமே வருவேல்ல?"

"வண்டி ஆடுதுன்னா நான் வராம இருந்தேன்? அன்னைக்கு ரயில்ல சாப்பிட்டது சரியில்லப்பா, அவ்வளவுதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீட்டுக் கதவைத் திறந்தா அம்மா இல்ல. அதப் பார்க்க முடியல. அதான்."

"நான் இருக்கேனே" என்று டாக்டர் சொல்ல நினைத்தார். அடுத்த வளைவில் ஊர்ந்து ஊர்ந்து போனார்.

மறுநாள் காலையில் அவர் இரண்டு முட்டை அவித்தார். இரண்டு வளையத்திலும் வைத்தார். காலியாக இருந்த வளையத்தில் முட்டை நிற்பதை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மகள் முட்டையை எடுத்துவிட்டு வளையத்தைத் திருப்பினாள்.

"முட்டைக்கு எதுக்குப்பா ஸ்க்ரூ?"

"அது கம்பியோட பாக்கிங்ல வந்தது. உருளாம நல்லா நிக்கும்."

"எந்தக் கம்பி?"

"அந்த நகர்ற கம்பிதான்."

மகள் வளையத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க கம்பெனில திரைச்சீலைக் கம்பிக்கு ரெண்டு பக்கமும் இதே மாதிரி வளையம் போட்டுத்தான் குடுப்போம். கம்பி நகராம இருக்க!"

சாப்பிடாமலே டைட்டுவின் பட்டறைக்குப் போனார்கள். டைட்டு அடியில் படுத்து, ஒவ்வொரு ரப்பரின் உள்பக்கமும் ஒட்டி ஒரு வளையத்தை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். இடது பக்கம் நகர்ந்தால் இடது வளையம் ரப்பரில் முட்டி நிற்கும். வலது பக்கம் நகர்ந்தால் வலது வளையம். அவ்வளவுதான் சங்கதி.

"பெட்டிக்குள்ள நகராம இருக்கத்தான்னு நினைச்சேன் சார்."

"பெட்டிக்குள்ள நகராம புடிக்கிறது வண்டிக்குள்ளயும் புடிக்கும்னு உனக்குத் தோணலையாய்யா?"

"உங்களுக்கு மட்டும் தோணுச்சா? முட்டை வெச்சுத் தின்னீங்களே" என்ற டைட்டு வெளியே வந்து சாவியை நீட்டினார். "டைட் பண்ணிட்டேன்."

அந்தத் திருப்பத்தை டாக்டர் வேகமாகவே எடுத்தார். சத்தமில்லை. சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் எடுத்தார். சத்தமில்லை. "போதும்ப்பா, இப்பத்தான் உண்மையிலேயே வயித்தைப் புரட்டுது" என்று மகள் சொன்ன பிறகே வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வாசலில் டெலிபோன் அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். மகள் வண்டி நிற்பதற்குள் இறங்கினாள்.

"வேண்டாம்மா, பெரியவங்க" என்றார் டாக்டர்.

"நீங்க சும்மா இருங்கப்பா." நேராகப் போய் நின்றாள். "ஆன்ட்டி, அது பொம்பளையே இல்ல. மண்மூட்டை! சரியாப் பார்க்காம ஒரு மனுஷனைப் பத்தி இப்படியா போன் பண்ணிச் சொல்றது?"

அக்கா பெருக்குவதை நிறுத்தவில்லை. "பார்க்காம என்ன? இந்த மண்ணை தினமும் காலைல யார் கூட்டித் தள்றான்னு நினைச்ச?"

மகள் துடைப்பத்தையும் மண்ணையும் பார்த்தாள். "அப்ப... தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேன், பழக்கூடை வந்துச்சு. தனியாத் தவிக்கிறாருன்னு சொன்னேன், 'பார்க்கலாம் ஆன்ட்டி'ன்னு போனை வெச்ச." அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "மண்மூட்டைகூடப் பேசிக்கிட்டுப் போறாருன்னு சொல்லியிருந்தா, நீ வந்திருப்பியாம்மா?"